இடது பக்கம் அரை அங்குலம்

டேப் அக்காவிடம் துணி தைக்கக் கொடுத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கழுத்திலிருந்து டேப்பை எடுப்பதற்கு முன்பே அவள் அளவெடுத்து முடித்திருப்பாள். ஆள் உள்ளே வந்து, குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, "இந்த மழை விடுற மாதிரியே தெரியலையே" என்று பேச்சைத் தொடங்குவதற்குள் தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு, உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதெல்லாம் அவள் கண்ணுக்குள் போயிருக்கும். டேப்பை வைத்துப் பார்ப்பது வந்தவரின் திருப்திக்காக. அதையும் இரண்டு முறை செய்வாள். ஒரு முறையோடு நிறுத்தினால் "சரியாப் பார்த்தியா" என்று கேட்பார்கள்.

கடை என்பது அண்ணன் வீட்டின் முன்னறைதான். இரண்டு மெஷின், துணி வெட்டும் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, அளவு கொடுப்பவர்கள் மறைவாக நிற்க மூலையில் ஒரு பச்சைத் திரை. கல்யாணம் சரிப்படாமல் ஒரு பெட்டியோடு திரும்பி வந்த தங்கைக்கு என்ன செய்வதென்று அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, முன்னறையில் கிடந்த சோபாவை விற்றுவிட்டு மெஷினை வாங்கிப் போட்டவர் அண்ணிதான். அது நடந்து இருபது வருஷமாகிறது. அண்ணி அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. மற்றதையெல்லாம் சொல்லிக் காட்டுவார், அது வேறு.

அந்தத் தொழிலில் டேப் அக்கா தனக்குத் தானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு. உடம்பைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. கடை போட்ட புதிதில் பாங்கில் வேலை பார்த்த ஓர் அம்மாவிடம், "உங்களுக்கு வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்குங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா துணியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போனவர்தான், அப்புறம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதோடு புத்தி வந்தது. இறங்கிய தோளுக்கு உள்ளே ஒரு மடிப்புப் பஞ்சு, முன்தள்ளிய வயிற்றுக்கு ஒரு சாய்வு வெட்டு, வளைந்த முதுகுக்குப் பின்பக்கம் கால் அங்குலம் கூடுதல் துணி. யாரிடமும் ஒரு வார்த்தை கிடையாது. போட்டுப் பார்க்கிறவர்கள் கண்ணாடி முன் நின்று "அட, கச்சிதமா இருக்கே" என்பார்கள். தெருவில் பாதிப் பேர் நிமிர்ந்து நடப்பது டேப் அக்கா வைத்த பஞ்சினால்தான் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

அண்ணியை வீட்டில் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிடுவார்கள். கட்டிய கணவரே அப்படித்தான் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். இருபத்திரண்டு வருஷமாக விசில் ஊதி ஊதிக் குரலும் விசில் மாதிரியே ஆகிவிட்டது. காலை ஐந்து மணிக்கு நடை, எழுந்ததும் இரண்டு தம்ளர் வெந்நீர், ஏழு மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது. சர்க்கரை டப்பா அந்த வீட்டில் டேப் அக்காவுக்காக மட்டும் இருந்தது. அதுவும் மெஷினுக்குப் பின்னால், நூல்கண்டுப் பெட்டிக்குள்.

தெருவில் யாருக்காவது நோய் என்று கேள்விப்பட்டால் டீச்சர் ஐந்து நிமிஷத்தில் காரணம் கண்டுபிடித்துவிடுவார். "அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கமாட்டாரே" என்பார். "அந்தம்மா வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்ல" என்பார். நல்ல மனசுதான், யாரையும் நோகடிக்கச் சொல்வதில்லை. ஒழுங்காக இருப்பவர்களிடம் நோய் வந்து என்ன செய்யும் என்பது அவர் கட்சி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கு மட்டும் ஒரு பரிசோதனை முகாம் போட்டார்கள். மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிற முகாம். டீச்சர் எல்லா டீச்சர்களையும் சமையல்கார அம்மாக்களையும் வரிசையில் நிற்கவைத்து, விசில் ஊதி ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். கடைசி ஆள் போய் வந்ததும் "நீங்க வரலையா" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். "எனக்கெதுக்கு? நான் சரியாத்தானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை எடுத்து அடுக்கப் போய்விட்டார்.

மழைக்காலத் தொடக்கத்தில் அந்த நோய் அவருக்கே வந்தது. தோள் வலிக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிவிட்டார். ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள், படம் பிடித்தார்கள், பத்து நாளில் முடிவும் வந்தது. அதைக் கேட்க நாலு பேரும் போனார்கள். டீச்சர், அவர் கணவர், கல்லூரி இறுதியாண்டு படிக்கிற மகள், டேப் அக்கா. கணவர் லிஃப்ட் மெக்கானிக். யார் வீட்டு லிஃப்ட் எத்தனையாவது மாடியில் மாட்டிக்கொண்டாலும் சிரித்துப் பேசி ஆட்களை வெளியே கொண்டுவருகிற மனிதர். அன்றைக்கு ஆஸ்பத்திரி லிஃப்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நின்றார்.

டாக்டர் ஒரு பெண்மணி. டீச்சரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வெளியிலேயே தெரியுதேம்மா. தோலை உள்ள இழுத்திருக்கு. குளிக்கும்போது, உடை மாத்தும்போது கவனிக்கலையா?"

டீச்சர் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். "சட்டை போட்டா ஒண்ணும் தெரியல டாக்டர்" என்றார்.

"நான் சட்டையைக் கேட்கலையேம்மா."

கூட நின்ற நர்ஸ் சூழ்நிலையைச் சற்று இளக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ, "சட்டை ரொம்ப நல்லாயிருக்கு டீச்சர், எங்க தச்சீங்க?" என்று கேட்டாள். டீச்சர் திரும்பிக் கையைக் காட்டினார். "இதோ, என் நாத்தனார்தான்."

டேப் அக்காவுக்கு அந்த நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் விளையாட்டு விழாவுக்காகத் தைத்த சட்டை அது. அளவு கொடுக்க அண்ணி திரைக்குள் வந்து கையைத் தூக்கி நின்றபோதே இவள் பார்த்துவிட்டாள். மெல்லிய பனியன்தான் போட்டிருந்தார். இடது மார்பு மேல் நோக்கி ஏறியிருந்தது. அடியில் சுண்டுவிரலால் அழுத்தி எடுத்தது மாதிரி ஒரு சின்னக் குழி. டேப்பை வைத்தாள், தோளிலிருந்து வலது பக்கத்தைவிட இடது பக்கம் அரை அங்குலம் குறைந்தது. இன்னொரு முறை வைத்தாள், அதே அரை அங்குலம். போன வருஷம் இப்படி இல்லையே என்றும் தோன்றியது. தோன்றிய அதே நேரத்தில் கை அதன் வேலையைத் தொடங்கிவிட்டது. மார்புப் பகுதியில் பிடிக்கிற டக் மடிப்பை இடது பக்கம் ஒரு விரல் தள்ளிப் பிடிக்கலாம், உள்ளே மெல்லிய கேன்வாஸ் ஒரு மடிப்பு கொடுத்தால் துணி நிமிர்ந்து நிற்கும் என்று யோசித்தாள். சட்டை அற்புதமாக வந்தது. அது வந்ததும் பார்த்தது மனசைவிட்டுப் போய்விட்டது. போகவில்லை, அவள் போகவிட்டாள். அதில்தான் இப்போது அவளுக்குத் தூக்கம் போனது.

டாக்டர் அறையில் மெக்கானிக் எழுந்து நின்றே பேசினார். "நான் சிகரெட் பிடிப்பேன் டாக்டர். வீட்டிலேயும் பிடிச்சிருக்கேன். அதனால வந்துச்சா?"

"நான் அம்மாகூட ரொம்பச் சண்டை போடுவேன்" என்றாள் மகள். "மனசு கஷ்டப்பட்டா வரும்னு போன்ல போட்டிருக்கு."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளுக்கொரு காரணத்தோட வந்திருக்கீங்க. இவங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு விரலை நீட்டிச் சொல்ல என்னால முடியாது. சிகரெட்டை விடுங்க, அது உங்களுக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. சண்டையைக் குறைச்சுக்கங்க, அதுவும் நல்லதுதான்."

"நான் ஒரு நாள்கூட நடக்காம இருந்ததில்லையே டாக்டர்" என்றார் டீச்சர். விசில் குரல் காணாமல் போயிருந்தது. "ஒழுங்கா இருந்தா வராதுன்னுதானே சொல்றீங்க எல்லாரும்?"

"குறையும்னு சொல்றோம்மா. வரவே வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கல. நீங்க நடந்தது வீணாப் போகாது, வைத்தியத்தைத் தாங்குறதுக்கு அந்த உடம்பு வேணும். அதுக்கு மேல நம்ம கையில இருக்கிறது ஒண்ணுதான். சீக்கிரம் பார்க்கிறது."

டேப் அக்கா கேட்டாள். "சீக்கிரம்னா எவ்வளவு சீக்கிரம் டாக்டர்? ஒரு ஒன்பது மாசம் முன்னாடி வந்திருந்தா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. சின்ன ஆபரேஷனோட முடிஞ்சிருக்கலாம். இப்ப முதல்ல மருந்து ஏத்தணும், அப்புறம் ஆபரேஷன், அப்புறமும் வைத்தியம் இருக்கு. கைமீறிப் போகல, பயப்படாதீங்க. வழி கொஞ்சம் நீளமாயிடுச்சு, அவ்வளவுதான்."

அந்த அவ்வளவுதானை டேப் அக்கா வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்தாள்.

மருந்து ஏற்ற நாள் குறிக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் அந்த வீட்டில் தவறு யாருடையது என்பதற்குப் போட்டியே நடந்தது. மெக்கானிக் சிகரெட் பெட்டியைக் குப்பையில் போட்டார், சாயங்காலம் போய்க் கிளறி எடுத்தார், மறுபடியும் தண்ணீரில் நனைத்துப் போட்டார். சாப்பிட உட்கார்ந்தால் "எல்லாம் என் புகைதான் டீச்சர்" என்பார். உடனே மகள், "இல்லப்பா, நான் அன்னிக்குக் கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு நாள் பேசாம இருந்தேன்ல, அதுதான்" என்பாள். சோறும் கீரையும் ஆறிப்போகும். டீச்சர் தன் பங்குக்கு வருகைப் பதிவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருந்தார். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்தது, வெயிலில் நின்றது, மகளுக்கு ஏழு மாதத்தோடு பால் நிறுத்தியது. கடைசியாக, இருபத்திரண்டு வருஷம் பிளாஸ்டிக் விசிலைக் கடித்தது.

"விசிலாலயா?" என்றார் மெக்கானிக்.

"வேற என்ன செஞ்சேன் சொல்லுங்க. நான் வேற என்ன தப்பு செஞ்சேன்?"

டேப் அக்கா தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனாள். சொல்ல வேண்டிய ஒரே ஆள் அவள்தான். குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

பக்கத்து லாண்டரிக்காரர் நல்ல மனிதர். துணி மடிக்கிற மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

"எல்லாம் எழுதி வச்சபடிதான் நடக்கும் டேப்பு. டீச்சர் மாதிரி ஒழுங்கா இருந்த ஆளுக்கே வருதுன்னா, இதுல நம்ம கையில என்ன இருக்கு? முன்னாடியே தெரிஞ்சாலும் நடக்கிறது நடந்தேதான் தீரும்."

"முன்னாடியே தெரிஞ்சாலுமா?"

"தெரிஞ்சாலும்தான். நாள் குறிச்சாச்சுன்னா யாரு மாத்த முடியும்?"

அந்தப் பேச்சு அவளுக்கு மருந்து மாதிரி இருந்தது. இரண்டு நாள் அதைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தாள். எழுதி வைத்ததுதான், நான் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று மெஷினை மிதிக்கிற தாளத்துக்குச் சொல்லிக்கொண்டாள். மூன்றாம் நாள் மழையில் லாண்டரிக்காரர் கடை சுவர் ஸ்விட்ச்சில் நீலமாக ஒரு பொறி பறந்தது. மனிதர் பதறிப்போய் மெயினை அணைத்து, செருப்புக்கூடப் போடாமல் எலக்ட்ரீஷியனைத் தேடி ஓடினார். டேப் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி வைத்ததை நம்பி அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை. அவளுக்கு அதற்கப்புறம் அந்த ஆறுதல் ஒட்டவில்லை.

அப்போதுதான் மாடி வீட்டம்மா ஒரு சேதியோடு இறங்கி வந்தார். அந்தத் தெருவுக்குச் சேதி வருவதே அவர் போன் வழியாகத்தான்.

"இறுக்கமா உடுத்தினாத்தான் இது வருதாம். ரத்தம் ஓடாதாம், காத்துப் போகாதாம். ஒருத்தர் விலாவாரியாப் பேசி அனுப்பியிருக்கார், டாக்டராம்." கையில் ஐந்து சட்டை வைத்திருந்தார். "எல்லாத்தையும் லூசாக்கிக் குடு. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அங்குலம் விடு."

"இது ஏற்கெனவே லூசாத்தாங்க இருக்கு."

"இருக்கட்டும். இன்னும் லூசா இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் எட்டுப் பேர். ஒரு வாரத்தில் தையல் வேலை நின்று பிரிக்கிற வேலைதான் நடந்தது. கூரான பிளேடை விரலுக்கிடையில் பிடித்துத் தையலை ஒவ்வொன்றாக அறுத்து, நூலைப் பிடுங்கி, உள்ளே விட்டு வைத்திருந்த துணியை வெளியே இழுத்து மறுபடி தைக்க வேண்டும். வெளித்துணி வெளுத்துப் போயிருக்கும். உள்ளிருந்தது புதுநிறமாக ஒரு பட்டை போலத் தெரியும். முன்பெல்லாம் அப்படித் தெரிந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்கள். இப்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. தெருவே விலாவில் பட்டை போட்டுக்கொண்டு தொளதொளவென்று நடந்தது. அறை முழுக்க அறுந்த நூலும் ஈரத்துணி வாசனையும்.

துணியை வாங்கிக்கொள்ள வந்த மாடி வீட்டம்மா, கண்ணாடியில் பார்த்தபடியே சொன்னார். "டீச்சருக்கும் நீதானே தச்சே. உன் கை ரொம்பக் கச்சிதமாச்சே. இறுக்கிட்டியோ என்னவோ."

டேப் அக்கா பிளேடைக் கீழே வைத்தாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வாரமாக யாராவது தன்னைப் பார்த்து உன்னால்தான் என்று சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவள் போல அவள் தலையாட்டினாள்.

"ஆமாங்க. என் தப்புதான். இறுக்கிட்டேன்."

சொன்னதும் உடம்பு லேசானது போல இருந்தது. செய்யாத தப்பை ஏற்றுக்கொள்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியம். அன்றைக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டாள். பொய்தான் என்றாலும் ஒரு தண்டனை கிடைத்துவிட்டதே.

மாடி வீட்டம்மாவிடம் சொன்னது எத்தனை நாளைக்குத் தங்கும்? மறுநாள் மத்தியானம், நாளைக்கு முதல் மருந்து ஏற்றப் போகவேண்டும் என்கிற நிலையில், டீச்சர் முன்னறைக்கு வந்தார். மெக்கானிக் வேலைக்குப் போயிருந்தார். மகள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற பையில் துண்டு, தம்ளர், ரொட்டிப் பொட்டலம் என்று உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஸ்டூலை இழுத்து மெஷினுக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நீ இறுக்கித் தச்சதாலதான் எனக்கு வந்துச்சுன்னு ஒத்துக்கிட்டியாமே?"

டேப் அக்கா மிதிப்பதை நிறுத்தினாள்.

"படியில நிறுத்திவச்சு அந்தம்மா எனக்கு ஆறுதல் சொல்றாங்க. நாத்தனார் கையாலயே இப்படி ஆகணும்னு இருந்திருக்கு பாருங்கன்னு. டாக்டர் சொன்னப்ப நீயும் கூடத்தானே இருந்தே?"

"இருந்தேன்ண்ணி."

"நீ தச்ச சட்டைக்குள்ள நான் கையைச் சுத்தி எறிவேன், பந்து போடுவேன். எங்க இறுக்கினே?"

"இறுக்கல."

"அப்ப எதுக்கு ஆமான்னு சொன்னே?"

டேப் அக்கா மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். டீச்சர் குரலை உயர்த்தவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளோட மாரடிச்சிருக்கேன். கண்ணாடியை உடைச்சது யாருன்னு கேட்ட உடனே ஒருத்தன் ஓடிவந்து, டீச்சர் நான் ஷூ லேஸ் கட்டல, மன்னிச்சிருங்கன்னு சொல்லுவான். எதுக்குச் சொல்றான்? பெருசை மறைக்கத்தான். நீ எதை வச்சுக்கிட்டு இதைச் சொன்னே?"

வெளியே மழை வலுத்தது. உள்ளே மகள் எதையோ தேடிப் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. டேப் அக்கா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள்.

"நான் பார்த்துட்டேன் அண்ணி."

"எதை?"

"விளையாட்டு விழாவுக்கு அளவெடுத்தேன்ல, அன்னிக்கே பார்த்துட்டேன். இடது பக்கம் ஏறியிருந்துச்சு. அரை அங்குலம். ரெண்டு தடவை வச்சுப் பார்த்தேன். அடியில குழி இருந்துச்சு. என்னன்னு எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. ஆனா இது சரியில்லன்னு தோணுச்சு. தோணியும் நான் வாயைத் திறக்கல. உள்ள கேன்வாஸ் வச்சேன். டக்கைத் தள்ளிப் பிடிச்சேன். யாருக்கும் தெரியாத மாதிரி நானே மறைச்சுத் தச்சேன் அண்ணி. டாக்டர் கண்ணுக்குத் தெரிஞ்சது எனக்கும் தெரிஞ்சுது. உங்களுக்குத்தான் தெரியாமப் பண்ணிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. வந்ததை அடக்கவில்லை. அண்ணி ஏதாவது சொல்வார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று காத்திருந்தாள். டீச்சர் மேஜை மேல் குவிந்து கிடந்த நூல் துண்டுகளைக் கிளறினார். ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

டேப் அக்கா நிமிர்ந்தாள்.

"அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும். குளிக்கும்போது பார்த்தேன். நமக்கு எதுக்கு வருது, நாம என்ன தப்புப் பண்ணினோம்னு துண்டைச் சுத்திக்கிட்டு வந்துட்டேன். டாக்டர்கிட்ட போனா, டீச்சருக்கே இப்படியான்னு கேட்பாங்க. எத்தனை பேருக்கு நான் காரணம் சொல்லியிருக்கேன், எனக்கு என்ன காரணம் சொல்லுவாங்க? வெட்கமா இருந்துச்சு. பயத்தைவிட வெட்கம்தான் ஜாஸ்தி. சரி, யாராவது ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் போவோம்னு நினைச்சேன்."

சுற்றிய நூலைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பீரோவில அன்னிக்கு நாலு புதுச்சட்டை இருந்துச்சு. எனக்கு எதுக்கு அஞ்சாவது? உன்கிட்ட அளவு கொடுக்கிற சாக்குலதான் வந்தேன். வேணும்னே மெல்லிசு பனியனோட வந்து நின்னேன். உன் கண்ணுக்கு ஒரு நூல் பிசகு தப்பாதுன்னு எனக்குத் தெரியும். நீ பார்த்தே, டேப்பை வச்சே, மறுபடியும் வச்சே. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டது உனக்குக் கேட்டிருக்கும். அப்புறம் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு, ஆச்சு அண்ணி, கையை இறக்குங்கன்னே. அவ்வளவுதானா, ஒண்ணுமில்ல போலன்னு சந்தோஷமா வெளியே வந்தேன். ஒன்பது மாசம் அந்தச் சந்தோஷத்துலதான் இருந்தேன்."

டேப் அக்காவுக்கு அழுகை நின்றுபோயிருந்தது. அழுவதற்குக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று அவளுக்குப் பட்டது. தான் மறைத்தது மட்டும்தான் குற்றம் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவள் மௌனத்தை ஒருத்தி பதிலாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், அதை நம்பி உண்டிருக்கிறாள், உறங்கியிருக்கிறாள், மைதானத்தில் ஓடியிருக்கிறாள்.

"திட்டுங்க அண்ணி" என்றாள்.

"எதுக்கு? திட்டினா உனக்குச் சுலபமாப் போயிடும். அப்புறம் நானும் என்னைத் திட்டிக்கணும். அதுக்கெல்லாம் இப்ப எனக்குத் தெம்பு இல்ல." டீச்சர் எழுந்தார். "உன்னை ஒண்ணுமே சொல்லாம விட்டுட்டேன்னும் நினைக்காதே. எனக்குக் கோபம் இருக்கு. நிறைய இருக்கு. அது எப்பப் போகும்னு தெரியல."

"சரி அண்ணி."

"நாளைக்கு ஊசி போடுறதுக்கு முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி சட்டை வேணுமாம். கை நல்லா லூசா இருக்கணும். இன்னிக்குள்ள தச்சுடுவியா?"

"தச்சுடுறேன்."

"வா, அளவெடு."

டீச்சர் திரைக்குள் போகவில்லை. தாழிட்ட அறையின் நடுவில், கண்ணாடிக்கு முன்னால் நின்று மேல்சட்டையைக் கழற்றி மெஷின் மேல் போட்டார். கையைத் தூக்கினார். டேப் அக்கா கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள், தோளில் வைத்தாள். நுனி வழுக்கிவிட்டது.

"பேசாம எடுக்காதே" என்றார் டீச்சர். "பார்க்கிறதைச் சொல்லிக்கிட்டே எடு."

"தோள் பதினாலரை. போன தடவைக்கு இப்ப இளைச்சிருக்கீங்க. கழுத்தெலும்பு தெரியுது."

"ம்."

"வலது பக்கம் சரியா இருக்கு." டேப்பை மாற்றிப் பிடித்தாள். "இடது பக்கம் ஏறியிருக்கு. அரை அங்குலம். இல்லண்ணி, இப்ப முக்கால்."

"அப்புறம்?"

"அடியில குழி இருக்கு. கட்டைவிரல் வைக்கலாம்."

"அன்னிக்கு?"

"அன்னிக்குச் சுண்டுவிரல் அளவுதான் இருந்துச்சு."

டீச்சர் கண்ணாடியில் தன்னைப் பார்க்கவில்லை. பின்னால் நின்றவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய கை வலித்திருக்க வேண்டும், இறக்கவில்லை.

"எழுது" என்றார். "ரெண்டையும் எழுது. நாளைக்கு டாக்டர்கிட்ட நீயே சொல்லு."